வண்ணத்துப்பூச்சித் தோட்டத்தில் என்ன கோளாறு? டர்பன் பக்கத் தோட்டங்களுக்கு அறிகுறிவாரியாக ஒரு வழிமுறை

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் அதைச் சுற்றியுள்ள கடலோர ஊர்களிலும் வண்ணத்துப்பூச்சிக்காகத் தோட்டம் போடுகிறவர்கள் சொல்லும் குறைகள் திரும்பத் திரும்ப ஒரே ஆறேழுதான். பெரும்பாலானவற்றைச் சரிசெய்யக் காசு தேவையில்லை. உங்கள் தோட்டத்தில் தெரியும் அறிகுறியைத் தேடி, அதன் கீழ் உள்ளதை வரிசையாகச் சோதித்துக்கொண்டே வாருங்கள். எளிதானது முதலில், செலவு பிடிப்பது கடைசியில்.

செடிகளுக்குத் தாவரவியல் பெயரையே தந்திருக்கிறேன். நர்சரியில் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வேறு செடியைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். மாதங்கள் எல்லாம் தென்னாப்பிரிக்கப் பருவப்படி: டிசம்பர் கோடை, ஜூலை குளிர்.

அறிகுறி 1: பூ நிறைய இருக்கிறது, வண்ணத்துப்பூச்சி வருவதில்லை

*எந்த மாதம்?* இந்தக் கடலோரத்தில் அவை மிகுதியாகப் பறப்பது கோடையின் பிற்பகுதியிலிருந்து இலையுதிர் காலம் வரை, தோராயமாக பிப்ரவரி முதல் மே வரை. ஜூலையில் ஒன்றிரண்டுதான் தென்பட்டால் அது கோளாறில்லை. பொறுத்திருங்கள்.

*வெயில் விழுகிறதா?* வண்ணத்துப்பூச்சிக்கு உடம்பு சூடேறினால்தான் பறக்க முடியும். இங்கே சூரியன் வடக்கு வானில் சாய்ந்து போவதால் வீட்டின் தெற்குப் பக்கம் பெரும்பாலும் நிழல். இந்தியாவிலிருந்து வந்து தோட்டம் போடுகிறவர்கள் பலர் பாத்தியைத் தெற்கே போட்டுவிடுகிறார்கள். காலை பத்து மணிக்குப் போய்ப் பாருங்கள். பாத்தி நிழலில் இருந்தால் தொட்டிச் செடிகளை மட்டும் வடக்குப் பக்கம் மாற்றி இரண்டு வாரம் கவனியுங்கள்.

*காற்று அடிக்கிறதா?* டர்பனில் வடகிழக்கும் தென்மேற்கும் மாறி மாறி வீசும். பூங்கொத்து ஆடிக்கொண்டே இருந்தால் பூச்சி உட்காராது. காற்று வரும் பக்கத்தில் கரிஸ்ஸா மேக்ரோகார்ப்பா வேலி வையுங்கள். ஜூலு மக்கள் அமாதுங்குலு என்பார்கள், நம் களாக்காயின் நெருங்கிய சொந்தம். உப்புக் காற்றைத் தாங்கும், பழம் தின்னலாம். அதன் வெள்ளைப் பூ இரவில் மணக்கும், அதனால் அறிகுறி 5-க்கும் அதுவே மருந்து.

*என்ன பூ?* பல அடுக்கு இதழ் வைத்து வளர்த்தெடுத்த கலப்பினங்களில் பூச்சியின் குழல்வாய்க்குத் தேன் எட்டாது, சிலவற்றில் தேனே கிடையாது. ஒற்றை அடுக்கில், சின்னச் சின்னப் பூக்கள் கொத்தாக இருப்பவையே வேண்டும். பட்லியா சாலிக்னா, பட்லியா சால்விஃபோலியா, ஸ்கேபியோசா கொலும்பேரியா, பிளெக்ட்ராந்தஸ் எக்லோனி ஆகியவை இந்த நாட்டுச் செடிகள். பென்டாஸ் லான்சியோலேட்டா வெப்பமண்டல ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, டர்பனின் சூட்டில் சளைக்காமல் பூக்கும். எதை வைத்தாலும் ஒவ்வொன்றாகச் சிதறி வைக்காதீர்கள். ஒரே வகையில் நாலைந்தைச் சேர்த்து வைத்தால்தான் பறக்கிற பூச்சியின் கண்ணில் படும்.

*மருந்து அடிக்கிறீர்களா?* கொசுவுக்கு அடிக்கும் புகையும் இதில் சேர்த்தி. தோட்டத்துக்குள் அடிப்பதை அடியோடு நிறுத்திவிட்டு ஒரு பருவம் பாருங்கள்.

உண்ணிச்செடி வைத்தால் பூச்சி குவியும் என்று யாராவது சொல்வார்கள். குவியும், உண்மைதான். ஆனால் லண்டானா கமாரா தென்னாப்பிரிக்காவில் அயல் ஆக்கிரமிப்பு இன விதிகளின்படி 1பி பிரிவில் இருக்கிறது. வளர்க்கவோ விற்கவோ கூடாது, இருப்பதைக் கட்டுப்படுத்த வேண்டும். ஏற்கெனவே வேலியில் இருந்தால் வேரோடு எடுத்துவிட்டு அந்த இடத்தில் பட்லியா சாலிக்னா வையுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் வரவில்லையா? அப்படியானால் உங்கள் தெருவிலேயே புழு தின்னும் செடி இல்லை. அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி 2: வருகின்றன, தேன் குடிக்கின்றன, போய்விடுகின்றன

நான் அதிகம் பார்த்தது இதைத்தான். காரணமும் அநேகமாக எப்போதும் ஒன்றுதான்: பூ இருக்கிறது, புழுவுக்கு இலை இல்லை. ஒவ்வொரு வண்ணத்துப்பூச்சியும் குறிப்பிட்ட சில செடிகளில் மட்டுமே முட்டையிடும். அந்தச் செடி இல்லாத தோட்டத்தில் அதற்குத் தங்கி ஆகவேண்டிய வேலை எதுவும் கிடையாது.

சோதனை எளிது. எந்தப் பூச்சி வருகிறது என்று படம் எடுங்கள், ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் போட்டுப் பெயர் தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம் கீழே பாருங்கள்.

*பெரியது, கறுப்பில் மஞ்சள் திட்டு:* பப்பிலியோ டெமோடோகஸ். வீட்டில் எலுமிச்சை இருந்தால் ஏற்கெனவே முட்டையிட்டிருக்கும். இளந்தளிரைத் திருப்பிப் பாருங்கள். கறிவேப்பிலையும் அதே தாவரக் குடும்பம் என்பதால் அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். சின்னப் புழு பறவை எச்சம் மாதிரியே இருக்கும், பலர் அதைத் தண்ணீர் அடித்துக் கழுவிவிடுகிறார்கள். எலுமிச்சையை விட்டுக்கொடுக்க மனமில்லை என்றால் இந்நாட்டு மரங்களான கிளாசெனா அனிசாட்டாவையோ சாந்தோக்சைலம் கேப்பென்ஸையோ நட்டு, புழுக்களை அங்கே மாற்றிவிடலாம். இரண்டும் சின்ன முற்றத்துக்கு அடங்கும்.

*கறுப்பில் பளிச்சென்ற நீலப்பச்சைப் பட்டை:* பப்பிலியோ நிரியஸ். இதற்கும் பப்பிலியோ டார்டனஸுக்கும் வெப்ரிஸ் லான்சியோலேட்டா பொருத்தமான மரம். இடம் இருந்தால் மட்டும் வையுங்கள், உயரமாக வளரும். டார்டனஸின் ஆணுக்கு வால் உண்டு, பெண்ணுக்கு இங்கே வால் கிடையாது. பெண் வேறு நச்சு வண்ணத்துப்பூச்சிகளைப் போல வேடம் போட்டுத் திரியும். ஆண் மட்டும்தான் வருகிறது என்று நினைக்காதீர்கள்.

*செம்பழுப்பு, இறக்கை நுனியில் கறுப்பும் வெள்ளையும்:* டானாஸ் கிரிசிப்பஸ். தமிழ்நாட்டில் எருக்கஞ்செடியைச் சுற்றும் வெந்தய வரியனேதான், அதே இனம். இங்கே எருக்கின் இடத்தில் கோம்போகார்ப்பஸ் ஃபிசோகார்ப்பஸ் என்ற பால்செடி இருக்கிறது. பந்து போலக் காய்க்கும், விதையில் சுலபமாக முளைக்கும், ஒரே கோடையில் ஆள் உயரம் வரும். இதில் ஒரு குழப்பம் உண்டு. வெந்தய வரியன் போலவே இருக்கும் ஒன்று பால்செடியைச் சீண்டாமல் தரையில் படரும் அஸிஸ்டேசியா கஞ்செட்டிகாவில் முட்டையிட்டால், அது ஹைபோலிம்னாஸ் மிசிப்பஸின் பெண். அதற்கு அஸிஸ்டேசியாவைக் களை என்று பிடுங்காமல் விட்டாலே போதும்.

*மஞ்சள், இறக்கையில் நீலப் பொட்டு:* ஜூனோனியா ஹியர்ட்டா. பார்லேரியா ஆப்டூசாவும் அஸிஸ்டேசியாவும் வையுங்கள். பார்லேரியா என்றால் நம் டிசம்பர் பூவின் இனம், நீல ஊதாவில் இலையுதிர் காலத்தில் பூக்கும்.

*வெளிர்மஞ்சள் அல்லது வெள்ளை, வேகமாகப் பறப்பது:* கட்டோப்சிலியா ஃபுளோரெல்லா. சென்னா பீட்டர்சியானா நடுங்கள். ஆவாரம்பூவை அறிந்தவர்கள் இதைப் பார்த்ததும் உறவைக் கண்டுகொள்வார்கள்.

*விரல் நகம் அளவு, வரிவரியான நீலம்:* லெப்டோட்டஸ். பிளம்பேகோ ஆரிக்குலேட்டா போதும், தமிழ்நாட்டில் நீலக் கொடிவேலி என்று வளர்ப்பதே இது. புழு மொட்டைத் தின்னும், ஆகவே மொட்டு வரும் நேரத்தில் வேலியை வெட்டாதீர்கள். இந்தச் சிறு நீலங்களின் புழுக்களைச் சுற்றி எறும்பு மொய்ப்பதும் உண்டு. எறும்பு காவலுக்கு நிற்கிறது, அதற்கு மருந்து போடாதீர்கள்.

*பருமனானது, மரத்தைச் சுற்றி வேகமாகப் பறக்கும், பூவில் உட்காரவே உட்காராது:* சராக்ஸஸ் வகை. இவை வடியும் மரச்சாறும் அழுகும் பழமும் தேடுகிறவை, பூத்தேனுக்கு வருவதில்லை. கனிந்து கறுத்த வாழைப்பழத்தை ஒரு தட்டில் வைத்து, தலைக்கு மேல் உயரத்தில் தொங்கவிடுங்கள். முட்டையிட வேண்டுமானால் சராக்ஸஸ் ஜாசியஸுக்கு ஸ்கோட்டியா பிராக்கிபெட்டாலா அல்லது பாகினியா கால்பினி, சராக்ஸஸ் புரூட்டஸுக்கு டிரைக்கிலியா டிரெகியானா. பாகினியாவைத் தவிர மற்றவை பெருமரங்கள். சுவரிலிருந்தும் குழாய்களிலிருந்தும் நன்றாகத் தள்ளி இடம் இருந்தால் மட்டுமே யோசியுங்கள்.

செலவு என்று பார்த்தால் அஸிஸ்டேசியாவும் பால்செடியும் விதைக்காசுதான், பிளம்பேகோவைக் குச்சி வைத்தே வளர்க்கலாம். சிறிய தோட்டக்காரர் இந்த மூன்றோடு தொடங்குவதே சரி என்பது என் கருத்து. மரத்தை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

அறிகுறி 3: முட்டையும் புழுவும் இருந்தன, இப்போது இல்லை

இங்கே வழி பிரிகிறது. எப்படி மறைந்தன என்று பாருங்கள்.

*பெரிய புழு திடீரென்று காணோம், செடி நன்றாக இருக்கிறது.* கூடு கட்டப் போயிருக்கும். பல புழுக்கள் தின்ற செடியை விட்டு இறங்கி, சுவர், வேலிக்கம்பி, பக்கத்துச் செடி என்று நடந்துபோய்க் கூட்டுப்புழு ஆகும். இரண்டு மூன்று மீட்டர் சுற்றளவில் தேடுங்கள். கோடையில் இரண்டு மூன்று வாரத்தில் பூச்சி வெளிவரும். குளிர்காலத்தில் பப்பிலியோவின் கூடு மாதக்கணக்கில் அப்படியே இருக்கலாம், செத்துவிட்டது என்று எடுத்து எறியாதீர்கள். கூடு கறுத்து உள்ளே இறக்கை நிறம் தெரிந்தால் அடுத்த நாளோ அதற்கு மறுநாளோ வெளிவரப் போகிறது. கறுத்தும் நீர்த்துப்போய் நாறினால்தான் செத்தது.

*சின்னப் புழுக்கள் தினமும் குறைகின்றன.* பறவை, குளவி, சிலந்தி. இது இயல்பு, பெரும்பாலான புழுக்கள் பூச்சியாவதில்லை. எல்லாவற்றையும் காப்பாற்றியாக வேண்டும் என்று வலை போட்டு மூடுகிறவர்களிடம் நான் வேண்டாம் என்றே சொல்கிறேன். அதற்குப் பதில் இன்னும் இரண்டு செடி கூடுதலாக வையுங்கள்.

*புழுவின் மேல் அரிசி போல வெள்ளைக் கூடுகள்.* ஒட்டுண்ணிக் குளவி. அந்தப் புழு பிழைக்காது, மற்றவற்றைத் தொட வேண்டியதில்லை.

*புழு தளர்ந்து, கறுத்து, தலைகீழாகத் தொங்குகிறது.* நோய். நெரிசலாக வளர்த்தால் வரும், டப்பாவில் அடைத்து வளர்ப்பவர்களிடம் அதிகம். செத்ததை எடுத்துப் புதையுங்கள், டப்பாவைக் கழுவி வெயிலில் காயவையுங்கள், மீதியைச் செடியிலேயே விட்டுவிடுங்கள்.

*புழு துடிக்கிறது, பச்சையாகக் கக்குகிறது, பல ஒரே நாளில் சாகின்றன.* நஞ்சு. முதலில் உங்கள் வீட்டு மருந்தலமாரியைப் பாருங்கள். இயற்கை மருந்து என்று விற்கும் பேசிலஸ் துரிஞ்சியென்சிஸும் புழுவைக் கொல்வதற்கென்றே இருப்பது. முட்டைக்கோஸில் அடித்ததன் தூவானம் பக்கத்தில் போனாலும் போதும், ஒரே நாளில் இல்லாவிட்டாலும் சில நாளில் முடிந்துவிடும். அடுத்தது, புதிதாக வாங்கிய செடி. இமிடாகுளோப்ரிட் போன்ற மருந்தை நர்சரியில் மண்ணில் ஊற்றியிருந்தால் அது சாற்றோடு ஏறி இலையிலும் தேனிலும் இருக்கும். கழுவினால் போகாது. வாங்கும்போதே கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியாயிற்று என்றால் பூச்சி எட்டாத இடத்தில் சில மாதம் தனியாக வைத்து, பழைய இலையைக் கிள்ளிவிட்டுப் புதுத் தளிர் வரவிடுங்கள்.

பக்கத்து வீட்டிலிருந்து மருந்து காற்றில் வருகிறது என்றால் எப்போது அடிக்கிறார்கள் என்று பேசித் தெரிந்துகொள்ளுங்கள். குடியிருப்பு வளாகம் ஆள் வைத்து அடிக்கிறது என்றால் அந்த ஆள் பூச்சிமருந்துகளைக் கட்டுப்படுத்தும் 1947-ஆம் ஆண்டின் 36-ஆம் எண் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றவரா, என்ன மருந்து, எவ்வளவு என்று எழுத்தில் கேட்க உங்களுக்கு முழு நியாயம் உண்டு.

அறிகுறி 4: செடியை மொட்டையடித்துவிட்டன

எந்தச் செடி என்பதுதான் கேள்வி.

*கிகேலேரியா ஆப்பிரிக்கானா.* அக்ரியா ஹோர்ட்டாவின் புழுக்கள். மரம் முழுக்க இலை போகும், அடியில் நிற்கவே முடியாதபடி புழு நடமாடும். மரம் சாகாது, திரும்பத் தளிர்க்கும். குயில் இனப் பறவைகள் இந்தப் புழுவைத் தேடி வரும். கடற்கரையை விட உள்நாட்டிலும் ஜொஹன்னஸ்பர்க்கிலும் கேப்டவுனிலும் இது அதிகம். செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. வாசல் பக்கம் மட்டும் இந்த மரத்தை வைக்காதீர்கள்.

*குசோனியா.* கறுப்பு உடலில் வெளிர் நிற முட்கள் வைத்த பெரிய புழுக்கள் என்றால் புனேயா ஆல்சினோய் என்னும் பேரரசு அந்துப்பூச்சி. இறங்கி மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழு ஆகும், ஆகவே அந்தக் காலத்தில் மரத்தடியைக் கொத்தாதீர்கள். மரம் மீளும்.

*தொட்டியில் இருக்கும் ஒற்றைப் பால்செடி.* இது செடி போதாமை. புழுக்கள் பட்டினி கிடக்கும். வேறு பால்செடி எங்கே இருக்கிறது என்று தேடிப் புழுக்களை அங்கே மாற்றுங்கள், அடுத்த பருவத்துக்கு ஆறேழு செடி வையுங்கள். ஆரஞ்சு நிற அசுவினி மொய்த்திருந்தால் விரலால் நசுக்கியோ தண்ணீர் பீய்ச்சியோ எடுங்கள். அதற்கு முன் முட்டை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

*கிளைவியா, கிரைனம்.* இங்கே மட்டும் கைவைக்க வேண்டும். கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டை போட்ட பிரித்திஸ் கிரைனியின் புழு இலைக்குள் துளைத்துக் கீழே கிழங்கு வரை போய்ச் செடியையே அழுகவைத்துவிடும். தினமும் மாலையில் பார்த்துக் கையால் பொறுக்குங்கள். இலையில் வெளிர்ந்த தடம் தெரிந்தால் அந்த இலையை வெட்டி எடுங்கள். அடித்தண்டு கொழகொழவென்று ஆகிவிட்டால் செடியைப் பிடுங்கி, அழுகியதைச் சீவி, உலர்த்தி மறுபடி நடலாம்.

*இலை போகவில்லை, கிளை காய்கிறது, பட்டையில் பேனா முனை அளவு துளைகள்.* இது வண்ணத்துப்பூச்சி வேலையே இல்லை. 2017-இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தேசியத் தாவரவியல் பூங்காவில் அடையாளம் காணப்பட்ட துளைப்பான் வண்டாக இருக்கலாம். அது பூஞ்சையைச் சுமந்து வந்து மரத்துக்குள் வளர்க்கும். நீங்களே வெட்டி விறகாக எடுத்துப் போகாதீர்கள், வண்டு அதோடு அடுத்த தெருவுக்குப் போகும். படம் எடுத்துப் பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் ஃபாபி ஆய்வு நிறுவனத்துக்கு அனுப்புங்கள். அதோடு மர வைத்தியம் தெரிந்த நிபுணரைக் கூப்பிடுங்கள். இந்தப் பட்டியலில் ஆகப் பெரிய செலவு இதுதான், தள்ளிப்போட்டால் இன்னும் கூடும்.

அறிகுறி 5: இரவில் அந்துப்பூச்சி வருவதில்லை

முதலில் விளக்கு. இங்கே வீட்டுக்கு வீடு மதிலில் வெள்ளை எல்இடி விடிய விடிய எரிகிறது. பூச்சி பூவை விட்டுவிட்டு விளக்கைச் சுற்றிக் களைத்து, விடிந்ததும் பறவைக்கு இரையாகும். பாதுகாப்பை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆள் நடமாட்டம் தெரிந்தால் மட்டும் எரியும் விளக்காக மாற்றுங்கள், மஞ்சள் ஒளி போடுங்கள், முகத்தைக் கீழ்நோக்கித் திருப்புங்கள்.

அடுத்து பூ. பகலில் பளிச்சென்று தெரியும் பூவுக்கு இரவில் வேலையில்லை. இருட்டில் மணக்கும் வெள்ளைப் பூ வேண்டும்: கரிஸ்ஸா, டுரேயா ஃபுளோரிபண்டா, கார்டினியா தன்பெர்ஜியா. இந்தக் கார்டினியாவின் பூக்குழல் மிக நீளம், நீண்ட நாக்குள்ள பருந்து அந்துப்பூச்சிதான் அடிவரை எட்டும். மெதுவாக வளரும் மரம், பொறுமை வேண்டும். அந்தி சாய்ந்து அரைமணி நேரம் பக்கத்தில் அசையாமல் நின்று பாருங்கள். பேரரசு அந்துப்பூச்சிகளைப் பூவில் தேடிப் பயனில்லை. வளர்ந்த பிறகு அவை உண்பதே இல்லை.

கடைசியாக, சருகு. வாரம் ஒருமுறை வரும் தோட்டப் பணியாளர் ஊதுகருவியால் சருகை வாரிப் பையில் கட்டுகிறாரா? அதற்குள் கூட்டுப்புழுக்களும் போகின்றன. புதருக்கு அடியில் உள்ள சருகை அப்படியே மூடாக்காக விடச் சொல்லுங்கள். புல்தரையை மட்டும் பெருக்கினால் போதும்.

அறிகுறி 6: செடியே பூக்கவில்லை, அல்லது செத்துக்கொண்டிருக்கிறது

பட்லியா சால்விஃபோலியா பூக்கவில்லையா? குளிர்காலத்தில் வெட்டியிருப்பார்கள். அது குளிர் முடியும் வேளையில் பூப்பது, பூத்து முடிந்த பிறகுதான் கவாத்து. இலை மட்டும் தழைத்தால் உரமும் தண்ணீரும் அதிகம். இரண்டையும் குறையுங்கள்.

புதிதாக வைத்தது கோடை மழையில் வேரழுகிச் சாகிறது என்றால் சீட்டைப் பாருங்கள். தென்னாப்பிரிக்கச் செடி என்று எழுதியிருந்தாலும் கேப்டவுன் பக்கத்துக் குளிர்கால மழைக்குப் பழகிய புதர் டர்பனின் கோடைப் புழுக்கத்தைத் தாங்காது. இந்தப் பகுதியின் நாட்டுச் செடிகளை மட்டும் வளர்க்கும் நர்சரியில் வாங்குங்கள்.

ஜொஹன்னஸ்பர்க் வாசகர்களுக்கு உறைபனிதான் பிரச்சினை. கடலோரச் செடிகளை விட்டுவிட்டு பட்லியா சால்விஃபோலியா, ஸ்கேபியோசா, கோம்போகார்ப்பஸ் புரூட்டிகோசஸ் என்று போங்கள். டிசம்பர், ஜனவரியில் வெள்ளை வண்ணத்துப்பூச்சிகள் ஆயிரக்கணக்கில் தலைக்கு மேல் வடகிழக்காகப் போய்க்கொண்டே இருந்து, ஒன்றும் தங்காவிட்டால் உங்கள் தோட்டத்தில் குறையில்லை. அது பெலனாய்ஸ் அவுரோட்டாவின் வலசை, வறண்ட மேற்கிலிருந்து கிளம்பி வருகிறது. வழியில் தேன் மட்டும் குடிக்கும், ஸ்கேபியோசா பூத்திருந்தால் நல்லது.

அறிகுறி 7: கை அரிக்கிறது, கண் எரிகிறது

மயிர் அடர்ந்த கம்பளிப்பூச்சியைத் தொட்டிருந்தால் ஒட்டும் நாடாவைத் தோலில் ஒட்டி உரித்து மயிரை எடுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தேய்க்காதீர்கள். தடிப்பு பரவினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவரிடம் போங்கள்.

பால்செடியைக் கிள்ளிய கையோடு கண்ணைத் தொட்டிருந்தால் அதைவிட அவசரம். அந்தப் பால் கருவிழியைப் புண்ணாக்கக் கூடியது. சுத்தமான தண்ணீரில் கால் மணி நேரம் விடாமல் கழுவிவிட்டு அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள், பார்வை மங்கும் வரை காத்திருக்க வேண்டாம். குழந்தைகள் விளையாடும் இடத்தில் கோம்போகார்ப்பஸை வேலி ஓரமாகத் தள்ளி வையுங்கள், விதை எடுக்கும்போது கையுறை போடுங்கள்.